எல்சாட் பயிற்சி: ஆயிரம் டாலர் வகுப்பா, மாதச் சந்தாவா?

அமெரிக்காவில் சட்டம் படிக்கலாம் என்று முடிவு செய்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எந்தக் கல்லூரி என்று அல்ல, எல்சாட் என்ற சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு எந்தக் கோச்சிங் என்றுதான். கப்லான், பிரின்ஸ்டன் ரிவ்யூ மாதிரி பெரிய கம்பெனியின் நேரலை வகுப்புக்கு ஆயிரம் டாலருக்கு மேல் கட்டுவதா, செவன்சேஜ், எல்சாட் டீமன் மாதிரி ஏதாவது ஒரு பயிற்சித் தளத்தில் மாதச் சந்தா கட்டி வீட்டிலேயே படிப்பதா? நான் இரண்டு வகையிலும் படித்துத் தேர்வு எழுதியவள். அப்புறம் எனக்குப் பின்னால் வந்த பிள்ளைகள் சிலருடன் உட்கார்ந்து அவர்கள் தயாராகவும் உதவியிருக்கிறேன். என் கருத்து இதுதான்: வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் யாரும் சொல்லாமலே உட்காரக்கூடியவர் என்றால் ஆன்லைன் சந்தாவே நல்லது, காசு மிச்சம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, படிப்பே அதில்தான் ஆழமாக நடக்கிறது. நேரம் குறித்துக் கூப்பிட்டால்தான் உட்காருவேன் என்பவருக்கு வகுப்பு உதவும், ஆனால் அவரும் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும்.

இவ்வளவு யோசிக்க வேண்டிய தேர்வா இது என்றால், ஆமாம். 120-இலிருந்து 180 வரை மதிப்பெண், நடுவில் இருப்பவர் 150-க்குச் சற்று மேலே நிற்கிறார், 170 தாண்டினால் எழுதியவர்களில் ஏறக்குறைய முதல் ஐந்து சதவீதத்துக்குள் வந்துவிடுகிறார். லா ஸ்கூல்களில் சேர்க்கைக்கு மட்டுமில்லாமல் உதவித்தொகைக்கும் இந்த எண்ணைத்தான் பார்க்கிறார்கள். அமெரிக்க பார் அசோசியேஷன் என்ற வழக்கறிஞர் சங்கத்தின் விதிப்படி ஒவ்வொரு கல்லூரியும் ஆண்டுதோறும் '509 அறிக்கை' என்று ஒன்று வெளியிட்டாக வேண்டும், அதில் சேர்ந்த மாணவர்களின் எல்சாட் மதிப்பெண் 25, 50, 75 சதமானங்களில் எவ்வளவு, எத்தனை பேருக்கு எவ்வளவு உதவித்தொகை என்று எல்லாம் இருக்கும். கோச்சிங்குக்கு ஒரு டாலர் கொடுப்பதற்கு முன்னால் நீங்கள் ஆசைப்படும் கல்லூரிகளின் அந்த அறிக்கையை எடுத்துப் பாருங்கள். உங்கள் மதிப்பெண் அவர்களுடைய நடு எண்ணுக்கு, அதாவது 50-ஆம் சதமானத்துக்கு, கீழே இருக்கிறதா மேலே இருக்கிறதா என்பதில் மூன்று வருடக் கட்டணத்தில் பல ஆயிரம் டாலர் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போகலாம். அதனால் கோச்சிங்குக்குச் செலவு செய்வது வீண் என்று நான் சொல்லவே மாட்டேன், தவறான இடத்தில் செலவு செய்வதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

முதலில் தேர்வு இப்போது எப்படி இருக்கிறது என்பது தெளிவாகட்டும், ஏனென்றால் சந்தையில் இன்னும் பழைய சரக்கு ஓடுகிறது. 2024 ஆகஸ்ட் முதல் லாஜிக் கேம்ஸ் என்ற தர்க்கப் புதிர்ப் பகுதி கிடையாது. பார்வையற்றவர்கள் தொடுத்த வழக்கில் 2019-இல் ஏற்பட்ட சமரசத்தின் தொடர்ச்சியாக அந்தப் பகுதியையே எடுத்துவிட்டார்கள். படம் வரைந்து வரைந்து போட வேண்டிய கணக்குகள் அவை, கண் தெரியாத ஒருவரிடம் அதைக் கேட்பது நியாயமில்லைதான். இப்போது இருப்பது சிறு வாதங்களை அலசும் லாஜிக்கல் ரீசனிங் இரண்டு, நீண்ட பத்திகளை வாசித்துப் பதில் சொல்லும் ரீடிங் காம்ப்ரிஹென்ஷன் ஒன்று, இது போக இந்த இரண்டில் ஏதாவது ஒரு வகையில் மதிப்பெண் சேராத சோதனைப் பகுதி ஒன்று. ஒவ்வொன்றும் 35 நிமிடம், இரண்டாவது முடிந்ததும் பத்து நிமிட இடைவேளை. எந்தப் பகுதி சேராதது என்று எழுதும்போது தெரியாது. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, எனவே எதையும் காலியாக விடக்கூடாது.

அதனால் யாராவது பழைய புத்தகக் கட்டைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்றாலோ, ஒரு வகுப்பின் பாடத்திட்டத்தில் இன்னும் கேம்ஸ் என்று ஒரு தலைப்பு இருந்தாலோ அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பழைய புத்தகங்களில் லாஜிக்கல் ரீசனிங் பகுதி இன்றும் நல்லதுதான், கேள்விகளின் இயல்பு மாறவில்லை. ஆனால் மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண்ணாக இருந்த லாஜிக்கல் ரீசனிங் இப்போது மூன்றில் இரண்டு பங்கு ஆகிவிட்டதே, அதற்கேற்ப நேரத்தைப் பிரித்துக் கொடுக்காத பயிற்சி பழைய தேர்வுக்குத்தான் உங்களைத் தயார் செய்கிறது. கேம்ஸ் பாடத்தை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை அப்படியே விட்ட திட்டமா, புதிதாக உட்கார்ந்து போட்ட திட்டமா என்று பாருங்கள். எத்தனை வாரம் எந்தப் பகுதிக்கு என்ற அட்டவணையைக் கேட்டு வாங்கினாலே தெரிந்துவிடும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எல்சாட்டின் உண்மையான கேள்விகள் எல்லாம் தேர்வை நடத்தும் எல்எஸ்ஏசி என்ற அமைப்புக்குச் சொந்தம். கம்பெனிகள் உரிமம் வாங்கித்தான் அவற்றைப் பயன்படுத்துகின்றன. எல்எஸ்ஏசியின் லாஹப் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கினாலே சில முழுத் தேர்வுகள் கிடைக்கும். வருடத்துக்கு 120 டாலர் கட்டி லாஹப் அட்வான்டேஜ் எடுத்தால் 101 முதல் 158 வரை எண் போட்ட ஐம்பதுக்கும் மேற்பட்ட பழைய தேர்வுகள், புதிய வடிவத்துக்கு மாற்றி அமைத்தவை, அப்படியே கிடைக்கும். தேர்வு நாளில் பார்க்கப்போகும் அதே திரை, அதே ஹைலைட்டர், அதே கடிகாரம். ஆயிரத்தைந்நூறு டாலர் கட்டியவரும் எழுபது டாலர் கட்டியவரும் கடைசியில் போடுவது இதே கேள்விகளைத்தான். விளம்பரத்தில் 'எட்டாயிரம் உண்மையான கேள்விகள்' என்று பெரிதாகப் போடுவார்கள் பாருங்கள், அது அந்தக் கம்பெனியின் பெருமை அல்ல.

இன்னொன்று, கட்டணம் கட்டும் பக்கத்தில் இது சின்ன எழுத்தில் இருக்கும்: உண்மையான தேர்வுகளைப் பயிற்சிக் கம்பெனியின் தளத்தில் திறக்க உங்களிடம் தனியாக லாஹப் அட்வான்டேஜ் இருக்க வேண்டும். எந்த வகைப் பயிற்சியை எடுத்தாலும் அந்த 120 டாலரைச் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

அப்படியானால் கோச்சிங் என்ன விற்கிறது? விளக்கம், வரிசை, பின்னால் நின்று தள்ளுவது. இந்த மூன்றும்தான். இதில் எது உங்களுக்குக் குறைவாக இருக்கிறதோ அதைத்தான் நீங்கள் வாங்க வேண்டும்.

நேரலை வகுப்பில் நான் சேர்ந்தது பெயர் சொன்னால் எல்லோருக்கும் தெரிந்த ஒரு நிறுவனம். முன்பு கட்டடத்தில் நடந்த வகுப்புகளில் பெரும்பாலானவை 2020-க்குப் பிறகு திரைக்கு வந்துவிட்டன, ஆகவே 'நேரடி வகுப்பு' என்று சொல்லும்போது பல நேரம் அதுவும் ஆன்லைன்தான், குறித்த நேரத்தில் ஆசிரியர் முன்னால் இருப்பார் என்பது மட்டும் வித்தியாசம். முதல் ஆசிரியர் அருமையானவர். ஒரு வாதத்தைப் பலகையில் எழுதிவிட்டு, முடிவு எது, அதற்குச் சொன்ன காரணம் எது, இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஓட்டை எது என்று எங்களையே பேசவைப்பார். யாராவது தவறான விடை சொன்னால் 'சரி, அது ஏன் உங்களுக்குப் பிடித்தது?' என்று கேட்பார், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போதே நாம் எங்கே வழுக்கினோம் என்பது புரிந்துவிடும். பாதியில் அவரை வேறு குழுவுக்கு மாற்றிவிட்டார்கள். அடுத்து வந்தவர் கையேட்டை வரிக்கு வரி வாசித்தார். அவருடைய மதிப்பெண் முதல் ஆசிரியருடையதைவிட அதிகம் என்று அறிமுகத்தில் சொன்னார்கள். தேர்வில் 175 எடுப்பவருக்குக் கேள்வியைப் பார்த்ததும் விடை தெரிந்துவிடுகிறது, தெரியாதவருக்கு அது எப்படித் தெரியவில்லை என்பது அவருக்குப் புரிவதில்லை. ஆசிரியரை மாற்றியதைப் பற்றிக் கேட்டு எழுதினேன், 'எங்கள் ஆசிரியர்கள் எல்லோரும் சமமான தகுதி உடையவர்கள்' என்று ஒரு வரிப் பதில் வந்தது. ஆயிரம் டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டு அப்படி ஒரு வரி எழுதுவது சரியில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

வகுப்பில் இன்னொரு பெரிய குறை வேகம். இருபது பேர் இருக்கிறார்கள், ஒருவர் 142-இல் நிற்கிறார், ஒருவர் 161-இல். 142-க்காரருக்குக் கேள்வியை வாசிக்கவே நேரம் போதவில்லை, 161-க்காரருக்கு நான்கைந்து கேள்வி வகைகள் மட்டும்தான் பாக்கி. ஒரே பாடம் இருவருக்கும் நடக்கிறது. நடுவில் இருப்பவருக்குச் சரியாக அமைந்தால் அமையும். வேலைக்குப் போய்விட்டு இரவு எட்டு மணிக்கு வந்து உட்கார்ந்து, தனக்கு ஏற்கனவே தெரிந்த பாடத்தை மூன்று மணி நேரம் கேட்பது எவ்வளவு அலுப்பு என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

ஆனாலும் வகுப்பால் உண்மையிலேயே பயன் பெற்றவர்களையும் பார்த்திருக்கிறேன். கல்லூரி முடித்துப் பல வருடம் ஆகி, படிக்கும் பழக்கமே விட்டுப்போனவர்கள். வீட்டில் சின்னக் குழந்தை, மாமனார் மாமியார், ஓயாத வேலை, 'செவ்வாய், வியாழன் எனக்கு கிளாஸ்' என்று சொன்னால்தான் வீட்டில் மற்றவர்கள் அந்த நேரத்தை விட்டுக்கொடுப்பார்கள் என்ற நிலையில் இருப்பவர்கள். இப்படிப்பட்டவர்களுக்கு, குறிப்பாக நம் வீட்டுப் பெண்களுக்கு, அந்தக் காசு அட்டவணைக்குக் கொடுக்கும் காசு, அதில் எந்தத் தவறும் இல்லை. அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று: சேருவதற்கு முன்னால் யார் ஆசிரியர், கடைசி வரை அவரே இருப்பாரா, அவருடைய ஒரு வகுப்பை இலவசமாகப் பார்க்க விடுவீர்களா என்று எழுத்தில் கேளுங்கள். கப்லான், பிரின்ஸ்டன் ரிவ்யூ, புளூபிரிண்ட் எல்லாமே ஏதாவது ஒரு வகையில் இலவச மாதிரித் தேர்வோ மாதிரி வகுப்போ கொடுக்கிறார்கள். விற்பனைப் பிரதிநிதி போனில் எவ்வளவு அன்பாகப் பேசினாலும் வகுப்பைப் பார்க்காமல் கார்டு எண்ணைக் கொடுக்காதீர்கள்.

'மதிப்பெண் கூடாவிட்டால் பணம் வாபஸ்' என்பதையும் சொல்லியாக வேண்டும். பொய் என்று சொல்லமாட்டேன், நிபந்தனைகளைப் படியுங்கள் என்றுதான் சொல்கிறேன். பொதுவாக எல்லா வகுப்புக்கும் வந்திருக்க வேண்டும், எல்லா வீட்டுப்பாடமும் முடித்திருக்க வேண்டும், எல்லா மாதிரித் தேர்வும் எழுதியிருக்க வேண்டும், தொடக்க மதிப்பெண்ணுக்குச் சான்று வேண்டும், குறிப்பிட்ட நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வேலை பார்த்துக்கொண்டு படிக்கும் ஒருவர் ஒரு வகுப்பைக்கூடத் தவறவிடாமல் இருப்பது அபூர்வம். அதோடு பல இடங்களில் 'மதிப்பெண் கூடுவது' என்றால் ஒரு மதிப்பெண் கூடினாலே போதும். தொடக்கத்தில் ஒன்றுமே படிக்காமல் எழுதியதைவிட மூன்று மாதம் கழித்து ஒரு மதிப்பெண்கூடக் கூடாமல் இருப்பவர் எத்தனை பேர்? இந்த உத்தரவாதத்தைப் பார்த்து முடிவு எடுக்காதீர்கள். 165, 170 என்று எண்ணைச் சொல்லி உத்தரவாதம் தரும் வகுப்புகள் கொஞ்சம் மேல், ஆனால் அவற்றின் கட்டணமும் அதற்கேற்ப மேலேதான், சேருவதற்கே ஒரு தொடக்க மதிப்பெண் கேட்பதும் உண்டு.

சரி, ஆன்லைன் சந்தாக்கள். செவன்சேஜ் அடிப்படைத் திட்டம் மாதம் சுமார் 70 டாலர். எல்சாட் டீமன் அதைவிடக் கொஞ்சம் கூடுதல், மேல்நிலைத் திட்டங்களில் தினமும் நேரலை வகுப்பும் உண்டு. புளூபிரிண்ட்டும் வீடியோப் பாடமாகத் தனியாகப் படிக்கும் திட்டம் வைத்திருக்கிறது, அனிமேஷன் எல்லாம் போட்டு நன்றாகத் தயாரித்த பாடங்கள். நான் அதிகம் பயன்படுத்தியது செவன்சேஜ். அதில் எனக்குப் பிடித்தது வீடியோக்கள் அல்ல, தேர்வு எழுதி முடித்ததும் வரும் அலசல் பக்கம். எந்த வகைக் கேள்வியில் எத்தனை தவறு, ஒவ்வொரு கேள்விக்கும் எத்தனை விநாடி எடுத்தேன், அந்தக் கேள்வியின் கடினம் என்ன, எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். எனக்கு 'கட்டாயம் தேவைப்படும் அனுமானம்' கேட்கும் கேள்விகளில்தான் அடி விழுந்துகொண்டிருந்தது என்பது வகுப்பில் இருந்தவரை தெரியவே இல்லை, அனுமானக் கேள்விகளில் பலவீனம் என்ற அர்த்தத்தில் 'அசம்ப்ஷன் வீக்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். வாதத்துக்குப் போதுமான அனுமானம் வேறு, இல்லாவிட்டால் வாதமே விழுந்துவிடும் என்ற அனுமானம் வேறு. எண்களாகப் பிரித்துக் காட்டியபோதுதான் ஒன்றில் நன்றாகவும் இன்னொன்றில் மோசமாகவும் இருக்கிறேன் என்று தெரிந்தது.

செவன்சேஜ் பரப்பிய 'பிளைண்ட் ரிவ்யூ' என்ற முறையை எந்தக் கம்பெனியில் படித்தாலும் செய்யுங்கள், அதற்குக் காசே தேவையில்லை. கடிகாரம் வைத்துத் தேர்வு எழுதும்போது சந்தேகம் இருக்கும் கேள்விகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். முடிந்ததும் விடைகளைப் பார்க்கக் கூடாது. அந்தக் கேள்விகளை நேரக் கட்டுப்பாடு இல்லாமல் மறுபடி போட்டு, ஒவ்வொரு விடையும் ஏன் சரி, மற்ற நான்கும் ஏன் தவறு என்று சொந்த வார்த்தையில் எழுத வேண்டும். அப்புறம்தான் விடையைப் பார்ப்பது. இரண்டு மதிப்பெண்களும் கிடைக்கும்: நேரத்தோடு எடுத்தது, நேரமில்லாமல் எடுத்தது. 158-உம் 171-உம் என்று வந்தால் புரிதல் இருக்கிறது, வேகம்தான் இல்லை, பகுதி பகுதியாக நேரம் வைத்துப் பழக வேண்டும். 158-உம் 160-உம் என்று வந்தால் எவ்வளவு வேகமாகப் போட்டாலும் பிரயோஜனம் இல்லை, அடிப்படைக்குத் திரும்ப வேண்டும். எத்தனை மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்தாலும் உங்கள் நிலைமையை இந்த இரண்டு எண்கள் சொல்கிற அளவுக்கு யாரும் சொல்லமாட்டார்கள்.

எந்தத் தளத்தை எடுப்பது என்று தடுமாறுபவர்களுக்கு ஒரே ஒரு பரிசோதனை சொல்கிறேன். ஒரே கேள்விக்கு இரண்டு மூன்று தளங்களின் விளக்கத்தையும் படித்துப் பாருங்கள், சரியான விடையின் விளக்கத்தை விட்டுவிட்டுத் தவறான விடைகளின் விளக்கத்தை மட்டும். உதாரணத்துக்கு நானே இட்டுக்கட்டிய ஒரு வாதம்: ஒரு நகராட்சி சென்ற ஆண்டு சாலைகளில் சைக்கிள் தடம் போட்டது. அந்த ஆண்டு சைக்கிள் விபத்துகளின் எண்ணிக்கை அதற்கு முந்தைய ஆண்டைவிட அதிகம். ஆகவே இந்தத் தடங்கள் சைக்கிள் ஓட்டுவதை முன்பைவிட ஆபத்தானதாக ஆக்கிவிட்டன. இந்த வாதத்தைப் பலவீனப்படுத்துவது எது? சரியான விடை, தடம் போட்ட பிறகு சைக்கிள் ஓட்டுபவர்கள் மூன்று மடங்கு ஆனார்கள் என்பதாக இருக்கும். எண்ணிக்கை கூடியது, ஒருவருக்கு விபத்து நேரும் வாய்ப்பு கூடியதாக ஆகாது. இதை எல்லாத் தளமும் சொல்லிவிடும்.

ஆனால் மாணவர்களை இழுக்கும் விடை வேறாக இருக்கும்: 'தடம் வந்த பிறகு பாதுகாப்பாக உணர்வதாகப் பெரும்பாலான சைக்கிள் ஓட்டிகள் கூறினர்.' மோசமான விளக்கம் 'இது தொடர்பில்லாதது' என்று ஒரு சொல்லோடு முடித்துவிடும். அந்த விடையைத் தேர்ந்தெடுத்தவருக்கு அது தொடர்புள்ளதாகத் தெரிந்ததால்தானே தேர்ந்தெடுத்தார்! நல்ல விளக்கம், நீங்கள் ஏன் இதை எடுத்திருப்பீர்கள் என்பதிலிருந்து தொடங்கும். 'பாதுகாப்பு' என்ற சொல் இருக்கிறது, வாதத்தின் முடிவுக்கு எதிர்த்திசையில் போகிற மாதிரி இருக்கிறது, ஆனால் வாதம் பேசுவது உண்மையான ஆபத்தைப் பற்றி, விடை பேசுவது ஆட்களின் உணர்வைப் பற்றி, ஆபத்து கூடிய இடத்திலும் ஒருவர் பாதுகாப்பாக உணரலாம், இந்தத் தாவல் எல்சாட்டில் திரும்பத் திரும்ப வரும், அடுத்த முறை இப்படிப் பாருங்கள் என்று முடியும். இப்படி எழுதும் தளத்துக்குச் சந்தா கட்டுங்கள். என் அனுபவத்தில் கம்பெனியின் வயது, பெயர், விலை எதற்கும் இதோடு சம்பந்தம் இல்லை.

ஆன்லைனின் ஆபத்தும் சின்னது அல்ல. பாட வீடியோக்கள் கேட்கச் சுகமாக இருக்கும், எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும், 'பாடத்திட்டம் 60 சதவீதம் முடிந்தது' என்று பச்சைக் கோடு நகரும், நாமும் முன்னேறுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்போம். ஒரு தம்பி மாதக்கணக்கில் வீடியோ பார்த்துவிட்டு என்னிடம் வந்தான், எத்தனை முழுத் தேர்வு எழுதினாய் என்று கேட்டால், 'பாடம் முடிச்சிட்டு எழுதலாம்னு இருக்கேன் அக்கா' என்றான். நல்ல பையன், சோம்பேறி இல்லை, தளத்தின் அமைப்பு அப்படி ஓட்டிக்கொண்டு போய்விட்டது. பாடத்தையும் கேள்வி போடுவதையும் முதல் வாரத்திலிருந்தே சேர்த்துச் செய்ய வேண்டும், இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் வெறும் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தால் ஏதோ சரியில்லை. மாதச் சந்தா என்பதால் தேர்வைத் தள்ளிப்போடுவதும் எளிதாகிவிடும், ஒவ்வொரு மாதமும் எழுபதுதானே என்று போய்க்கொண்டே இருக்கும்.

விலைக் கணக்கையும் போட்டுவிடலாம். மாதம் 70 டாலர், ஆறு மாதம், 420. லாஹப் 120. மொத்தம் 540. வகுப்புக்கு 1,400 என்று வைத்துக்கொண்டால் அதோடு லாஹப் சேர்த்து 1,520. வித்தியாசம் ஏறக்குறைய ஆயிரம். தேர்வு ஒரு முறை எழுதவே 240 டாலர் அளவில் ஆகிறது, விண்ணப்பத் தொகுப்புச் சேவை, ஒவ்வொரு கல்லூரிக்கும் அனுப்பும் அறிக்கை என்று அதற்குமேல் எல்எஸ்ஏசிக்கே நிறையக் கட்ட வேண்டியிருக்கும். அந்த ஆயிரம் டாலர் இரண்டாவது முறை தேர்வு எழுதவும், ஒரு நல்ல தனி ஆசிரியரிடம் சில மணி நேரம் உட்காரவும் போதும்.

தனி ஆசிரியரை ஆரம்பத்திலேயே வைத்துக்கொள்வது பெரும்பாலும் காசு விரயம். மணிக்கு நூறிலிருந்து இருநூறு, முந்நூறு டாலர் வரை கேட்கிறார்கள், அதில் வாதம் என்றால் என்ன என்று அவர் சொல்லித்தர வேண்டுமா? அது வீடியோவிலேயே இருக்கிறது. மதிப்பெண் ஒரே இடத்தில் நின்றுவிட்டது, பிளைண்ட் ரிவ்யூ செய்தும் நகரவில்லை, அப்போது போக வேண்டும், தவறு செய்த கேள்விகளின் பட்டியலையும் அப்போது என்ன யோசித்தோம் என்ற குறிப்பையும் கையில் எடுத்துக்கொண்டு. நமக்கே தெரியாத பழக்கத்தை வெளியிலிருந்து பார்க்கும் ஒருவர் ஒரு மணி நேரத்தில் பிடித்துவிடுவார்.

ரீடிங் காம்ப்ரிஹென்ஷனில் எந்தப் பயிற்சியும் எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. நான்கு தொகுப்புகள், அவற்றில் ஒன்று இரண்டு சிறு பத்திகளை ஒப்பிடுவது. சட்டம், அறிவியல், கலை, சமூகம் என்று எதிலிருந்தும் வரும். வகுப்பில் ஓரக்குறிப்பு போடச் சொல்வார்கள், வண்ணம் அடிக்கச் சொல்வார்கள், எனக்குத் தெரிந்து வண்ணம் அடித்ததால் யாருக்கும் மதிப்பெண் கூடவில்லை. ஒவ்வொரு பத்தி முடிந்ததும் நின்று, ஆசிரியர் இங்கே என்ன செய்தார், யாருடைய கருத்து இது, அவர் அதை ஒப்புக்கொள்கிறாரா என்று மனதுக்குள் ஒரு வரி சொல்லிக்கொள்வது மட்டும்தான் வேலை செய்தது. கடினமான ஆங்கிலக் கட்டுரைகளை நிறைய வாசிக்காதவர் இதற்குக் கூடுதல் மாதங்கள் ஒதுக்க வேண்டும், ஆறு வாரத் தீவிர வகுப்பு எதுவும் அதைச் சரிக்கட்டாது. இந்தியாவில் பட்டம் முடித்துவிட்டு வந்து இங்கே சட்டம் படிக்க நினைப்பவர்கள் இதை முக்கியமாகக் கவனியுங்கள், உங்கள் தர்க்கம் நன்றாகவே இருக்கும், நேரம் இங்கேதான் போகும்.

கையில் காசே இல்லை என்பவர்கள் தயவுசெய்து கடன் அட்டையைத் தொடாதீர்கள். எல்எஸ்ஏசி கட்டணச் சலுகை என்று ஒன்று இருக்கிறது, வருமானம், குடியுரிமை சார்ந்த நிபந்தனைகள் உண்டு, கிடைத்தால் தேர்வுக் கட்டணத்தோடு லாஹப் அட்வான்டேஜும் இலவசம். அந்தச் சலுகைக் கடிதத்தைக் காட்டினால் பல பயிற்சித் தளங்கள் மிகக் குறைந்த விலையில் சந்தா கொடுக்கின்றன, இது பலருக்குத் தெரியவே தெரியாது. கான் அகாடமி எல்எஸ்ஏசியோடு சேர்ந்து 2018-இலிருந்து நடத்திய இலவசப் பயிற்சி 2024-இல் அங்கே நின்றுவிட்டது, பாடங்கள் இப்போது லாஹப்பில் இருக்கின்றன. பழைய இணைப்பைப் பார்த்து அது போய்விட்டதே என்று சோர்ந்துவிட வேண்டாம்.

தேர்வை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம் என்று சில விற்பனையாளர்கள் பேசுவார்கள். அப்படி இல்லை. நடப்பு மதிப்பெண் காலத்துக்குள், அதாவது கல்லூரிகளுக்குத் தெரிவிக்கப்படும் மதிப்பெண்களின் காலத்துக்குள், ஐந்து முறை, வாழ்நாளில் ஏழு முறை. பெரும்பாலான கல்லூரிகள் உயர்ந்த மதிப்பெண்ணுக்கே மதிப்புக் கொடுக்கின்றன, ஏனென்றால் அவர்கள் அறிக்கையில் காட்டுவது அதைத்தான், ஆனாலும் எல்லா மதிப்பெண்ணும் அவர்கள் கண்ணில் படும். 'சும்மா ஒரு தடவை எழுதிப் பாருங்கள்' என்று எந்த வகுப்பாவது சொன்னால், அவர்கள் அட்டவணைக்காகச் சொல்கிறார்கள். லாஹப்பில் நேரம் வைத்து எழுதிய கடைசி நான்கைந்து தேர்வுகளின் சராசரி நீங்கள் விரும்பும் எண்ணுக்குப் பக்கத்தில் வந்த பிறகு பதிவு செய்யுங்கள். பதிவுக்கான கடைசி நாள் தேர்வுக்கு ஒரு மாதத்துக்கும் முன்பே முடிந்துவிடும், அதை மட்டும் நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.

கடைசியாக எழுத்துப் பகுதி. ஆர்க்யுமென்டேடிவ் ரைட்டிங் என்று தனியாக, வீட்டிலிருந்தே எழுதுவது, யோசிக்க 15 நிமிடமும் எழுத 35 நிமிடமும் கொடுப்பார்கள், மதிப்பெண் கிடையாது, ஆனால் அதை முடிக்காவிட்டால் முதல் முறை எழுதுபவருக்கு மதிப்பெண்ணே வெளியாகாது. இதற்கென்று தனிப் பயிற்சி விற்கிறார்கள், வாங்க வேண்டாம். லாஹப்பில் மாதிரி இருக்கிறது, இரண்டு எழுதிப் பழகினால் போதும், தேர்வு முடிந்த அதே வாரத்தில் முடித்துவிடுங்கள்.